மெய்நிகர்ப் பொறியும் அதன் ஆட்சியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கற் பாறையினுள்ளே மழைநீர் ஊறித் தங்குதலாலே கிணறே நம் முன்னோர்க்கு ஆறும் ஏரியும் ஆயிற்று. ஆயின் ஒவ்வொரு தோட்டக்காரனும் தனக்கெனத் தனிக் கிணறு வெட்டுதல் இயலாது. ஆதலின் ஒரு கிணற்றைப் பலர் பங்காக உடையராய், இன்ன நாள் இன்னார்க்கு இறைப்பு என முறை வகுத்துக்கொண்டனர். காணி உறுதிகளிலே நிலத்தின் எல்லைகளோடு கிணற்றிற் பங்கும் வாய்க்கால் வழியும் எழுதப்படுதலை இன்றுங் காணலாம். தன் முறை வந்த நாளிலே பங்காளி ஒருவன் கிணறு முழுதும் தனதே என்றாற்போல இறைப்பான். அவன் வாய்க்காலில் ஓடும் நீர் அயலான் பாத்தியிற் பாயாது. ஊற்றின் அளவறியாது மிகுதியாக இறைத்தாலோ, நீர் உவராகி எல்லார் பயிரும் ஒருங்கே வாடும்.

இற்றைநாளிலே கணினிச் சேவையகங்களும் இப்பங்குக் கிணறு போலவே ஆளப்படுகின்றன. ஒரு சேவையகத்தினுள்ளே பத்தும் இருபதுமாகிய கணினிகள் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் தான் தனித்ததொரு பொறியென்றே ஒழுகுகின்றது. இவற்றை மெய்நிகர்ப் பொறிகள் என்பர். இவற்றுக்கு வளத்தைப் பங்கிட்டு ஆளும் மென்பொருள் ஹைப்பர்வைசர் எனப்படும். உயர்தர வகுப்பிலே தகவல் தொழினுட்பம் பயிலும் மாணவர் இச்சொற்களைக் கேட்டிருப்பர். ஆயின் அப்பொறிகள் யாங்ஙனம் நிலைபெறுகின்றன, அவற்றை ஆள்வோன் கடன் யாது என்பன விரித்துரைக்கத் தக்கன. லினக்ஸ் சேவையகங்களை முன்வைத்து அவற்றை ஈண்டு ஆராய்வாம். இக்கட்டுரை நிறுவக் கருதுவது ஒன்றே: முழுப் பொறியையே ஒரு கோப்பாக ஆக்கிய இக்கலை, பொறியைக் காத்தலை எளிதாக்கியது போலவே அதனை இழத்தலையும் எளிதாக்கிவிட்டது, ஆதலின் ஆள்வோன் பொறுப்புப் பெருகியதேயன்றிக் குறைந்திலது.

பொறியுட் பொறி

கணினியை மூன்று அடுக்காகக் கொள்ளலாம். அடியில் உள்ளது வன்பொருள். அஃதாவது முறைவழியாக்கி, நினைவகம், வட்டு, வலையமைப்பு அட்டை முதலியன. அதன்மேலுள்ளது பணிசெயல் முறைமை. உச்சியில் உள்ளவை நாம் பயன்படுத்தும் செயலிகள். பணிசெயல் முறைமையே அரசன், செயலிகள் குடிகள். குடிகள் வட்டையோ நினைவகத்தையோ தாமாகத் தொடுதல் இயலாது. அரசனிடம் விண்ணப்பித்தே பெறுதல் வேண்டும். இவ்வேறுபாட்டை முறைவழியாக்கியே காக்கின்றது. சில கட்டளைகளை அரசன் மட்டுமே பிறப்பிக்கலாம். குடி பிறப்பிப்பின் அது தடுக்கப்பட்டுச் செய்தி அரசனுக்குச் செல்லும்.

இனி, ஒரே வன்பொருளில் இரண்டு பணிசெயல் முறைமைகளை ஒருங்கே ஓடவிடுதல் யாங்ஙனம்? ஓருறையில் இருவாள் கிடத்தல் கூடாமை போல ஒரு முறைவழியாக்கியின்மீது இரண்டு அரசர் ஆணை செலுத்துதல் கூடாதன்றோ எனின், அதுவே இக்கலையின் முதல் வினாவாகும். விடை வருமாறு: மெய்யான அரசுரிமையை இரண்டிற்கும் கொடாது, ஹைப்பர்வைசர் தானே வைத்துக்கொள்கின்றது. விருந்தினர் எனப்படும் அம்முறைமைகள் தாம் அரசர் என்றே எண்ணிக் கட்டளையிடுகின்றன. அரசனுக்குரிய கட்டளை ஒன்று பிறந்தவுடன் முறைவழியாக்கி அதனைத் தடுத்து ஹைப்பர்வைசரிடம் ஒப்படைக்கின்றது. ஹைப்பர்வைசர் அதன் பயனை வேறு வழியால் நிறைவேற்றி, அக்கட்டளை இயல்பாகவே நடந்தது போன்ற தோற்றத்தை விருந்தினருக்கு உண்டாக்கி, ஓட்டத்தைத் தொடரவிடுகின்றது. பணிசெயல் முறைமையை முற்காலத்தார் சூப்பர்வைசர், அஃதாவது மேற்பார்வையாளர், என வழங்கினர். அதற்கும் மேலானது என்பது குறித்தே ஹைப்பர்வைசர் என்னும் பெயர் எழுந்தது.

இப்பொறிக்கு இலக்கணம் வகுத்தோர் பொப்பெக், கோல்ட்பேர்க் என்னும் இருவர். 1974 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுரையிலே அவர்கள் மூன்று நிபந்தனைகளைக் கூறினர். மெய்ப்பொறியில் ஒரு செய்நிரல் எவ்வாறு நடக்குமோ அவ்வாறே மெய்நிகர்ப் பொறியிலும் நடத்தல் வேண்டும் என்பது முதலாவது. வளங்களின் முழு ஆட்சியும் ஹைப்பர்வைசரிடமே இருத்தல் வேண்டும் என்பது இரண்டாவது. கட்டளைகளுட் பெரும்பாலன இடையீடின்றி முறைவழியாக்கியிலேயே நேராக நடத்தல் வேண்டும் என்பது மூன்றாவது. பங்குக் கிணற்றுக்கும் இம்மூன்றும் பொருந்துதல் காண்க: தன் முறையில் இறைப்பவனுக்குக் கிணறு தனிக் கிணறாகவே பயன்பட வேண்டும், முறையை ஒருவரும் மீறலாகாது, முறை பார்ப்பதிலேயே பொழுது கழிந்துவிடலாகாது.

வளர்ந்த வரலாறு

இஃது இன்று நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவிலே மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். ஆய்வு நிலையத்தார் சி.பி.40 என்னும் முறைமையை ஆக்கி 1967 ஆம் ஆண்டு பயன்பாட்டுக்குக் கொணர்ந்தனர். ஒரு பெருங்கணினியை அது பதினான்கு மெய்நிகர்ப் பொறிகள் வரை பங்கிட்டது. கணினி ஒன்றின் விலை பெருஞ்செல்வமாயிருந்த அக்காலத்தே பங்கிடுதல் இன்றியமையாததாயிற்று. 1972 இல் ஐ.பி.எம். நிறுவனம் வி.எம்.370 என்னும் முறைமையை வாடிக்கையாளர்க்கு அறிவித்தது.

பின்னர் விலை குறைந்த சிறு கணினிகள் பெருகவே பங்கிடும் தேவை மறக்கப்பட்டது. மேலும் அவற்றின் முறைவழியாக்கிகள் மெய்நிகராக்கத்துக்கு இசைந்தனவல்ல. அரசனுக்குரிய கட்டளை குடியிடத்திற் பிறப்பின் தடுக்கப்படுதல் வேண்டும் என்றோம். இன்ரெல் பென்ரியம் முறைவழியாக்கியிலே அவ்வாறு தடுக்கப்படாது நழுவும் கட்டளைகள் பதினேழு உள என 2000 ஆம் ஆண்டில் ஆய்வாளர் எடுத்துக் காட்டினர். வேலியில் பதினேழு பொட்டுக்கள் இருந்தாற் காவல் யாது பயன்? இக்குறையை இரு சாரார் இருவகையாற் கடந்தனர். 1998 இல் நிறுவப்பெற்ற வி.எம்.வெயர் நிறுவனத்தார், விருந்தினரின் கட்டளைகளை ஓடும்போதே ஆராய்ந்து, நழுவுவனவற்றை வேறாக மொழிபெயர்த்து ஓட்டினர். இங்கிலாந்திலே கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2003 இல் வெளியிட்ட சென் என்னும் ஹைப்பர்வைசரோ விருந்தினரையே சிறிது திருத்தி, ஹைப்பர்வைசரிடம் நேரே விண்ணப்பிக்குமாறு செய்தது. இறுதியில் வன்பொருள் செய்வோரே முன்வந்தனர். 2005 இன் இறுதியில் இன்ரெல் நிறுவனமும் 2006 இல் ஏ.எம்.டி. நிறுவனமும் மெய்நிகராக்கத்துக்கெனத் தனியொரு நிலையைத் தம் முறைவழியாக்கிகளிலேயே அமைத்தன. வேலியின் பொட்டுக்கள் அடைபட்டன.

லினக்ஸின் வழி

வன்பொருளே துணைநின்றபின் ஹைப்பர்வைசர் செய்தல் எளிதாயிற்று. இஸ்ரவேல் நாட்டுக் கும்ரனெற் என்னும் நிறுவனத்தில் இருந்த அவி கிவிற்றி என்பார் 2006 இல் கே.வி.எம். என்னும் பகுதியை அறிவித்தார். 2007 பெப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.20 பதிப்பிலேயே அது சேர்க்கப்பட்டுவிட்டது. இத்துணை விரைவுக்குக் காரணம் அதன் எளிமையே. நினைவகம் பங்கிடுதல், முறை வகுத்தல், வட்டையும் வலையமைப்பையும் இயக்குதல் ஆகிய இவையெல்லாம் ஹைப்பர்வைசருக்கும் வேண்டுவன. லினக்ஸிலோ இவை முன்னரே செவ்வையாக உள்ளன. ஆதலின் புதிய அரசன் ஒருவனைப் படையாது, லினக்ஸின் கருவையே ஹைப்பர்வைசராக்குதலே கிவிற்றியின் நெறியாயிற்று.

இதனால் விளைந்த பயன் ஆள்வோர் மனங்கொள்ளத்தக்கது. கே.வி.எம். முறையிலே மெய்நிகர்ப் பொறி ஒவ்வொன்றும் லினக்ஸுக்கு ஒரு சாதாரணச் செயலாகவே தோன்றுகின்றது. லினக்ஸில் பிற செயல்களைப் பார்க்கும் கருவிகளாலேயே மெய்நிகர்ப் பொறியையும் பார்க்கலாம். அதற்கு முன்னுரிமை கூட்டலாம், குறைக்கலாம்.

கே.வி.எம். தனித்து நில்லாது. வட்டு, வலையமைப்பு அட்டை, திரை முதலிய உறுப்புக்களைப் பாவனையாகக் காட்டுவது கியூஎமு என்னும் மென்பொருள். பிரான்சு நாட்டு பபிரீஸ் பெலார் ஆக்கியது. மெய்யான அட்டை ஒன்றின் ஒவ்வோர் அசைவையும் பாவனை செய்தல் காலத்தை விழுங்கும். ஆகவே, பாவனை என்பதை விருந்தினரும் அறிந்து ஒத்துழைக்கும் வேர்ற்றையோ என்னும் முறை 2008 முதல் லினக்ஸில் வழங்குகின்றது. புதிய பொறி அமைப்போர் வட்டுக்கும் வலையமைப்புக்கும் இதனையே தெரிந்தெடுத்தல் நன்று. இவையனைத்தையும் ஆள்வதற்கு லிப்வேர்ற் என்னும் இடைநிலை மென்பொருளும், அதன் கட்டளைக் கருவியாகிய வேர்ஷ் என்பதும் உள. கட்டளை எழுதப் பழகாதார்க்கு உலாவியினூடே ஆளத்தக்கதாய், வியன்னா நகரத்து நிறுவனமொன்று கட்டற்ற மென்பொருளாக வழங்கும் புறொக்ஸ்மொக்ஸ் என்பது பயன்படும். 2023 நவம்பரில் வி.எம்.வெயர் நிறுவனத்தைப் புறோட்கொம் நிறுவனம் வாங்கி, ஒருமுறை விலைகொடுத்து என்றும் ஆளும் உரிமத்தை நிறுத்திச் சந்தா முறையைக் கொணர்ந்தபின், பலர் கே.வி.எம். வழிக்கு மாறினர். 2022 இல் ரூபாவின் மதிப்பு டொலருக்கு இருநூறளவிலிருந்து முந்நூற்றறுபதளவாக வீழ்ந்ததைக் கண்ட நமக்கு, டொலரிற் செலுத்தும் சந்தாவின் சுமையை விளக்குதல் வேண்டா.

பங்கிடும் முறை

இனி ஆட்சியைக் கூறுவாம். பங்கிடத்தக்கன நான்கு: முறைவழியாக்கியின் பொழுது, நினைவகம், வட்டு, வலையமைப்பு.

முறைவழியாக்கியின் பொழுதைக் கிணற்று முறைபோலப் பகிரலாம். எல்லாப் பொறிகளும் எக்காலும் முழுவீச்சாய் உழைப்பதில்லை. ஆதலின் எட்டுக் கருக்கள் உள்ள சேவையகத்திலே பதினாறு மெய்நிகர்க் கருக்களைப் பங்கிட்டாலும் பெரும்பாலும் இடர் இல்லை. ஒருவர் இறைக்காத நாளில் மற்றொருவர் இறைப்பர். மிகைப்படின் எல்லாம் தாமதமாகுமேயன்றி ஒன்றும் அழியாது.

நினைவகத்தின் நிலை வேறு. 64 கிகாபைற்று நினைவகமுள்ள சேவையகத்திலே 8 கிகாபைற்று வீதம் எட்டுப் பொறிகளை நிறுவினாற் கணக்குச் சரிபோலத் தோன்றும். ஆயின் விருந்தோம்பும் லினக்ஸ் தனக்கு யாதும் இல்லாது நிற்கும். வெவ்வேறு பொறிகளில் ஒரே உள்ளடக்கமுடைய நினைவகப் பக்கங்களை ஒன்றாக்கிச் சிக்கனஞ் செய்யும் முறை 2009 முதல் லினக்ஸில் உண்டு; விருந்தினர் பயன்படுத்தாத நினைவகத்தை மீளப் பெறும் முறையும் உண்டு. இவற்றை நம்பிக் கொள்ளளவுக்கு மிஞ்சிப் பங்கிடுவோர் உளர். நினைவகம் போதாதாயின் லினக்ஸ் முதலில் வட்டை நினைவகமாகப் பயன்படுத்தித் தளரும். அதுவும் போதாதாயின் பெரியதொரு செயலைத் தெரிந்து கொன்று தன்னைக் காத்துக்கொள்ளும். மெய்நிகர்ப் பொறியும் ஒரு செயலே என்றோம். சேவையகத்தில் மிகப் பெரிய செயல் பெரும்பாலும் அதுவேயாதலின் பலியாவதும் அதுவே. உள்ளே இருப்போர்க்குத் திடீரென மின் அற்றாற்போலத் தோன்றும். ஊற்றின் அளவறியாது இறைத்துக் கிணற்றை உவராக்குதலுக்கு இஃது ஒப்பாம்.

வட்டுப் பங்கீட்டிலும் ஒரு மயக்கம் உண்டு. மெய்நிகர்ப் பொறியின் வட்டு, சேவையகத்தில் ஒரு கோப்பாகவே கிடக்கலாம். கியூகவ் எனப்படும் கோப்பு வகையிலே 100 கிகாபைற்று வட்டு எனப் பெயரளவிற் கொடுத்தாலும், எழுதப்பட்ட அளவே இடத்தைப் பிடிக்கும். ஆகவே 500 கிகாபைற்று வட்டிலே பத்துப் பொறிகளுக்கு நூறு நூறு என ஆயிரம் கொடுத்துவிடலாம். வாக்குக் கொடுத்தல் எளிது. எல்லாரும் ஒருநாள் கேட்பின் இல்லை என்பதே விடை. இடம் தீர்ந்தவுடன் கியூஎமு எழுத முயலும் பொறிகளை நிறுத்திவைக்கும். ஆதலின் கொடுத்த வாக்கின் தொகையையும் மெய்யான இடத்தையும் கிழமைதோறும் ஒப்பிட்டு நோக்குதல் ஆள்வோன் கடன்.

வலையமைப்புப் பங்கீட்டில் விரிவு வேண்டா. லினக்ஸில் அமைக்கும் பாலம் ஒன்றினாலே விருந்தினர் அனைவரும் வெளி வலையமைப்போடு இணைவர். மாணவர் பயிற்சிக்குரிய பொறிகளையும் நிர்வாகப் பதிவேடுகளுக்குரிய பொறிகளையும் ஒரே பாலத்திற் கட்டாது வெவ்வேறாகப் பிரித்தலே அறிவுடைமை.

நாளாந்த ஆட்சி

வேர்ஷ் கருவியின் கட்டளைகளுள் இரண்டை மாணவர் முதலிற் கற்றல் வேண்டும். ஷட்டவுண் என்பது விருந்தினருக்குச் சொல்லி அமைதியாக மூடச் செய்வது. டெஸ்றோய் என்பதோ அழித்தல் எனப் பொருள்பட்டாலும் பொறியை அழிப்பதன்று. மின் செருகியைப் பிடுங்குவதற்கு ஒப்பானது. பெயருக்கு அஞ்சி அதனைப் பயன்படுத்தாதாரும் உளர். அச்சமின்றிப் பயன்படுத்தி, எழுதிக்கொண்டிருந்த தரவுத்தளத்தைக் குலைத்தாரும் உளர். முன்னதற்கு விருந்தினர் இணங்காதபோதே பின்னதை நாடுக.

நம் நாட்டில் மின் பற்றிய கவலை எவருக்கும் புதிதன்று. 2022 மார்ச் இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின் வெட்டப்பட்டது. பத்துக் கணினிகள் தனித்தனியே நிற்கையில் மின் அறுதல் பத்துச் சிறு இடர். ஒரு சேவையகத்துள் நிற்கையில் ஒரே பேரிடர். ஆதலின் மின்கலத் துணையோடு, மின்கலம் குறைந்தவுடன் விருந்தினரை வரிசையாக மூடும் ஏற்பாடும், மின் மீண்டவுடன் எப்பொறி முதலில் எழுதல் வேண்டும் என்னும் வரிசையும் முன்னரே எழுதப்படல் வேண்டும். பெயர்த் தீர்வுச் சேவையும் தரவுத்தளமும் எழாத முன்னர் அவற்றை நம்பிய செயலி எழுந்தாற் பயன் என்னை?

ஓடிக்கொண்டிருக்கும் பொறியை வேறொரு சேவையகத்துக்கு நகர்த்துதலும் இயலும். நினைவகத்தைச் சுற்றுச் சுற்றாகப் படியெடுத்து, இடையே மாறிய பக்கங்களை மீண்டும் அனுப்பி, எஞ்சியது மிகச் சிறிதானபின் ஒரு கணம் நிறுத்தி மறுபுறம் தொடர்வர். 2005 இல் கேம்பிறிட்ஜ் ஆய்வாளர் இவ்வாறு நகர்த்தியபோது சேவை தடைப்பட்ட நேரம் 60 மில்லிசெக்கன் அளவுக்குக் குறைந்தது எனக் காட்டினர். இருவேறு சேவையகங்கள் உடைய நிறுவனத்தார் இதனால் ஒன்றைப் பழுதுபார்க்கும்போதும் பணி நிறுத்தாது இருக்கலாம்.

காவலையும் மறத்தலாகாது. 2015 மே மாதத்தில் வெனம் எனப் பெயரிடப்பட்ட குறையொன்று வெளிப்பட்டது. கியூஎமு பாவனை செய்யும் பழைய நெகிழ்வட்டு இயக்கியிலே பல்லாண்டு மறைந்துகிடந்த பிழையினூடே, விருந்தினர் ஒருவர் தன் எல்லையைக் கடந்து விருந்தோம்புவாரின் வீட்டினுள்ளேயே நுழைதல் கூடும் என அது காட்டிற்று. நெகிழ்வட்டையே எவரும் பயன்படுத்தாத காலத்தில் அதன் பாவனையே வாயிலாயிற்று. 2023 பெப்ரவரியிலோ, வி.எம்.வெயரின் ஹைப்பர்வைசரிலிருந்த ஒரு குறைவழியே கப்பம் கேட்போர் புகுந்து, உலகெங்கும் ஆயிரக்கணக்கான சேவையகங்களில் மெய்நிகர்ப் பொறிகளின் கோப்புக்களைப் பூட்டினர். அக்குறைக்குரிய திருத்தம் 2021 பெப்ரவரியிலேயே வெளிவந்திருந்தது. இரண்டாண்டு திருத்தாது விட்டவர்களே துன்புற்றனர். தனிக் கணினியில் வந்த திருட்டு ஒரு வீட்டைக் கொள்ளையிடும். ஹைப்பர்வைசரில் வந்ததோ ஊரையே கொள்ளையிடும்.

நிழலும் காப்பும்

மெய்நிகர்ப் பொறியின் மிகப் பெரிய வசதி நிழற்படிவம். பொறியின் நிலையை ஒரு கணத்தில் உறையச் செய்து, பின்னர் வேண்டும்போது அந்நிலைக்கே மீளலாம். மாணவருக்குச் செய்முறை கற்பிக்கும்போது இது பேருதவியாகும். ஒருவன் பொறியைக் குழப்பிவிட்டாலும் அரை நிமிடத்தில் தொடக்க நிலைக்குத் திருப்பலாம்.

இவ்வசதியே என்னை ஏமாற்றியது. சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலை ஒன்றிலே புள்ளிப் பதிவேட்டுக்குரிய மெய்நிகர்ப் பொறியை ஆளும் பணி எனக்கு வாய்த்தது. கிழமைதோறும் தவறாது நிழற்படிவம் எடுத்து, காப்பு உண்டு என மன அமைதியோடிருந்தேன். ஒருநாள் வட்டுப் பழுதாயிற்று. நிழற்படிவம் பன்னிரண்டும் அவ்வட்டிலேயே இருந்தன. நிழற்படிவம் என்பது பொறியின் முழுப்படி அன்று. முன்னைய கோப்பை அடியாகக் கொண்டு, அதன்பின் மாறியவற்றை மட்டும் வேறாக எழுதிவைப்பதே. அடிக்கோப்பு அழியின் மேலுள்ளன யாவும் பயனற்றன. மரம் வீழ்ந்தபின் நிழல் ஏது? இரண்டு தவணைப் புள்ளிகளையும் ஆசிரியர்களின் கையெழுத்துப் புள்ளிப் புத்தகங்களிலிருந்து மீள எழுதினோம். சக ஆசிரியர் எவரும் என்னைக் கடிந்திலர். ஆயின் அவர்கள் மாலைதோறும் இருந்து எழுதிய அந்த மூன்று கிழமைகளை யான் மறந்திலேன். கணினி காக்கத் தவறியதைக் கடதாசி காத்தது. காரணம், கடதாசிப் படிகள் வேறு வேறு வீடுகளில் இருந்தமையே.

சிறியோர் மட்டும் இவ்வாறு பிழைப்பதில்லை. 2023 ஓகஸ்ட் இறுதியில் இலங்கை அரசாங்க முகில் கப்ப மென்பொருளாலே தாக்குண்டது. முகில் என்பது பெருந்திரளான மெய்நிகர்ப் பொறிகளை வாடகைக்கு விடுவதேயாம். சேவை பன்னிரண்டு மணிநேரத்திலே மீண்டது என அறிவிக்கப்பட்டது. ஆயினும் அரசாங்க மின்னஞ்சல் பயன்படுத்திய ஏறக்குறைய 5,000 முகவரிகளுக்கு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையுள்ள செய்திகள் மீளவில்லை. இணைப்பில் இருந்த காப்புப் படிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. அக்காலத்துக்குரிய, இணைப்பறுத்த காப்புப்படி வேறொன்று இல்லை. பொறியை மீள எழுப்புதல் வேறு, பொருளை மீளப் பெறுதல் வேறு என்பதை நாடு அன்று கற்றது. தொழினுட்பத்தில் முன்னிற்கும் தென்கொரியாவுக்கும் இதுவே நேர்ந்தது. 2025 செப்ரெம்பர் 26 அன்று தேஜோன் நகரிலுள்ள அரச தகவல் நிலையத்திலே மின்கலத்தில் எழுந்த தீ நூற்றுக்கணக்கான அரச சேவைகளை நிறுத்தியது. அரச ஊழியர் தம் ஆவணங்களை வைத்த களஞ்சியம் ஒன்றின் 858 டெராபைற்றுத் தரவு முற்றாக அழிந்தது. அளவு பெரிதென்று அதற்கு வெளிக்காப்பு எடுக்கப்படவில்லை. பெரிதென்பதே காவாமைக்குக் காரணமாயிற்று. பெரிதென்பதே காத்தற்குக் காரணமாதல் வேண்டும்.

இவற்றால் பெறப்படும் விதிகள் நான்கு. காப்புப்படி மூலம் இருக்கும் வட்டில் இருத்தலாகாது. ஒரு படியேனும் வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். ஒரு படியேனும் வலையமைப்போடு இணையாது இருத்தல் வேண்டும். மீள நிறுவிப் பார்க்கப்படாத படி, காப்பு எனப் பெயர் பெறாது. நான்காவதே பலரால் மறக்கப்படுவது. ஆயின் மெய்நிகர்ப் பொறி இதனை மிக எளிதாக்குகின்றது. பழைய முறையில் மீட்டுப் பார்க்க இன்னொரு கணினி வேண்டும். இப்போதோ, காப்புப்படியை அதே சேவையகத்தில் வலையமைப்பு அறுத்த புதிய பொறியாக எழுப்பிப் பார்த்துப் பின் கலைத்துவிடலாம். தவணைக்கு ஒருமுறை இதனைச் செய்தலை ஒரு நோன்பாகக் கொள்ளல் தகும். உயர்தர மாணவர் கையிலேயே இப்பணியைக் கொடுப்பின் அவர்க்கு அதனினும் சிறந்த செய்முறைப் பாடம் வேறில்லை.

முடிவுரை

படியெடுத்துக் காத்தல் நமக்குப் புதிய கல்வியன்று. ஏட்டுச் சுவடிகளைச் செல்லும் ஈரமும் தின்னும் முன்னர்ப் படியெடுத்தல் நம் புலவர் குடும்பங்களின் வழக்கமாயிருந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அத்தகைய நூல்கள் அச்சேறும் நாள்வரை வாழ்ந்தமைக்குக் காரணம், வேறு வேறு ஊர்களில், வேறு வேறு வீடுகளில் படிகள் கிடந்தமையே. ஒரு வீட்டுச் சுவடி செல்லரித்த இடத்தை மற்றொரு வீட்டுச் சுவடி நிரப்பிற்று. இதற்கு மாறாக, 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் வேறெங்கும் படியுள்ளவற்றை நாம் மீண்டும் பெற்றோம். படியில்லாதனவற்றைப் பெற்றிலோம், இனிப் பெறுதலும் இல்லை. 2005 இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களைப் படமெடுத்துச் சேர்த்துவருகின்றது. அதன் பயனும் அதன் கோப்புக்கள் ஓரிடத்தில் மட்டும் கிடவாமையிலேயே தங்கியிருக்கும்.

கணினிப் பொறியே ஒரு கோப்பாகிவிட்ட காலம் இது. சுவடியைப் படியெடுக்க ஆண்டுகள் ஆயின. பொறியைப் படியெடுக்க நிமிடங்களே ஆகின்றன. முன்னோர் அரிதிற் செய்ததை நாம் எளிதிற் செய்யும் வாய்ப்புப் பெற்றும் செய்யாது விடின், பிழை பொறியினது அன்று. கிணற்றின் அளவறிந்து பங்கிடுக. பங்குகளுக்கு இடையே வரம்பு கட்டுக. படியை வேறோர் இல்லத்தில் வைக்க. வைத்ததைத் தவணைதோறும் திறந்து பார்க்க. மெய்நிகர்ப் பொறியை ஆள்வோன் அறிய வேண்டியவற்றுள் தலையாயவை இவையே.